திருகு திறந்தாச்சா

என் தம்பிக்கு எங்கள் படகுத் துறையில் 'மறுபடி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனே போய்விடுவான். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்தால் மறுபடி திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். குழாயை மூடிவிட்டு மறுபடி வந்து சொட்டுகிறதா என்று குனிவான். ஒரு தடவை பஸ்ஸில் ஏறிய பிறகு பஸ் நம்பரைப் பார்க்க மறுபடி இறங்கினான்; பஸ் போய்விட்டது. இதைத் துறையில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அவன் அக்கா என்பதால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

எங்கள் வீட்டு முன்னறைதான் சலவைக்கூடம். இரண்டு வாஷிங் மெஷின், ஒரு நீள மேசை, சன்னலோரம் இஸ்திரிப் பெட்டி, சுவர் முழுக்கக் கொடிகள். வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்காரர்களின் துணியைத் துவைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கப்பலில் சேர்த்துவிட்டு, அழுக்குத் துணியை வாங்கி வருவது என் வீட்டுக்காரர் வேலை. நான் அவரைக் கேப்டன் என்று கிண்டல் செய்வேன். பதினெட்டு அடிப் படகு, பின்னால் பதினைந்து குதிரைச் சக்தியில் ஒரு மோட்டார், இதற்கு ஒரு கேப்டன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிக்கவும் மாட்டார். தலையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வார்.

தம்பியின் வேலை துணி மடிப்பதும் மூட்டைக்கு நம்பர் எழுதுவதும். அவன் மடித்த சட்டையைக் கடைச் சட்டை பக்கத்தில் வைத்தால் எது புதுசு என்று தெரியாது. ஆனால் இஸ்திரிப் பெட்டியை அவன் தொடக் கூடாது, படகிலும் ஏறக் கூடாது. அவனுக்கு வலிப்பு உண்டு.

காலையில் ஒரு அரைமணி நேரம் மட்டும் அவன் வேறு ஆள். மோட்டாரைச் சோதிப்பது அவன் பொறுப்பு. ராத்திரி மோட்டார் சலவைக்கூடத்து மூலையில், போர்வை போர்த்திக்கொண்டு, வீட்டில் ஒருத்தர் மாதிரிப் படுத்திருக்கும். விடிந்ததும் அவனும் கேப்டனும் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு மரச் சட்டமும் நீல டிரம் நிறையத் தண்ணீரும் இருக்கும். மெஷினிலிருந்து வரும் அலசல் தண்ணீரை அதில் பிடிக்கலாமே என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "சோப்புத் தண்ணியில மோட்டார் ஓட்டுவியா? உனக்குக் காப்பியில சோப்புப் போட்டுத் தரவா?" என்று கேட்டான். மோட்டாருக்கு ஒன்று என்றால் மட்டும் அவனுக்கு வாய் நீளும்.

தம்பி ஒவ்வொன்றாகக் கேட்பான். கேப்டன் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுவார். தொடாமல் சொன்னால் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான்.

"கவ்வி?"

"சட்டத்துல ரெண்டும் இறுக்கியாச்சு."

"சங்கிலி?"

"மாட்டியாச்சு."

"விசிறி?"

"சுத்துது. அச்சுல பின் இருக்கு."

"ட்யூப்?"

"பெட்ரோல் கசிவு இல்ல."

"கியர்?"

"நியூட்ரல்."

பிறகு கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்புவார்கள். மோட்டாருக்குள் சுற்றி அதைக் குளிர வைத்த தண்ணீர் பக்கத்துத் துளை வழியாக மெல்லிசாக வெளியே பீச்சும். பீச்சாவிட்டால் உள்ளே சூடு ஏறி எல்லாம் வெந்துபோகும். அதற்கு அவர்கள் வைத்திருந்த கேள்வியை நான் எழுத வேண்டியதில்லை. சின்னக் குழந்தையிடம் தூங்கப் போகும் முன் நாம் எல்லாரும் கேட்கிற கேள்விதான். "போகுது, போகுது, நல்லாவே போகுது" என்பார் கேப்டன். பதினான்கு வருஷமாக ஒரே நகைச்சுவை. இருவரும் ஒவ்வொரு நாளும் சிரிப்பார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பெட்ரோல் டேங்க் தனியாக, சிவப்பு நிறத்தில், கைப்பிடியோடு இருக்கும். அதன் மூடி மேல் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு திருகு. அதைத் திறந்து வைத்தால்தான் டேங்க்குக்குள் காற்று போகும். காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். திருகு மூடியிருந்தாலும் மோட்டார் கிளம்பிவிடும். சில நிமிஷம் ஒன்றும் தெரியாத மாதிரி ஓடும். பிறகு மூச்சு முட்டி நின்றுவிடும். மற்ற படகுக்காரர்கள் டேங்க்கைப் படகிலேயே வைத்திருப்பார்கள், திருகை மூடுவதே கிடையாது. நாங்கள் மட்டும் மூடுவோம். ஒரு தடவை தள்ளுவண்டியில் பெட்ரோல் தளும்பி ஒரு மூட்டைச் சட்டையில் வாடை ஏறிவிட்டது; கப்பலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து டேங்க் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தம்பி திருகை மூடிவிடுவான். படகு தண்ணீரில் இறங்கி, கேப்டன் ஏறி டேங்க்கைப் பின்பக்கம் வைத்ததும், சிமெண்ட் சரிவில் நின்றபடி இவன் குரல் கொடுப்பான்.

"திருகு?"

"திறந்தாச்சு."

அதோடு அவன் கடல் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து மடிக்க உட்காருவான்.

அவனும் ஒரு காலத்தில் படகில் போனவன்தான். இருபது வயதில், என் கல்யாணம் ஆன புதிதில், கேப்டனோடு தினம் போய்க்கொண்டிருந்தான். துறைக்கு வெளியே அலையைத் தடுக்க ஒரு நீளக் கல்சுவர் இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு நாள் முன்னால் நின்றவன் விறைத்துத் தண்ணீரில் விழுந்தான். அதுவரை அவனுக்கு வலிப்பு வந்ததே இல்லை. கேப்டன் யோசிக்கவில்லை, குதித்துவிட்டார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஆளில்லாத படகு வளைந்து வளைந்து இவர்களையே சுற்றி வந்தது. இரண்டு தடவை தண்ணீருக்குள் சுற்றும் விசிறி தலைக்குப் பக்கத்தில் போனதாம். மூன்றாவது சுற்றில் கயிறு ஒன்று சிக்கி மோட்டார் நின்றது. கேப்டன் இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லும்போது ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து, ஆள் விழுந்தால் மோட்டாரை அணைக்கிற சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் அவர் கியரைத் தொட்டதில்லை.

இந்த வருஷம் ஒரு நாள் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தான். நடையே வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, கடைசியா வலிப்பு வந்து ஏழு வருஷம் ஆச்சு. மருந்தை விடாம சாப்பிட்டா, உயிர்க்கவசம் போட்டுக்கிட்டு, கூட ஒரு ஆளோட படகுல போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நல்லாக் கேட்டியா?"

"மறுபடி கேட்டேன். எழுதியே குடுத்துட்டார்."

ஆரஞ்சு நிற உயிர்க்கவசம் ஒன்றையும் கையோடு வாங்கி வந்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டு சலவைக்கூடத்துக் கண்ணாடியில் பார்த்தான். முப்பத்துநாலு வயது ஆளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற முகம். நான் "நல்லாருக்குடா" என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

சாயங்காலம் கேப்டன் வந்தார். தம்பி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"அவனைக் கூட்டிட்டுப் போகாதீங்க."

"டாக்டரே சொல்லிட்டார்ங்கிறான்."

"டாக்டரா வந்து தண்ணியில குதிப்பார்? நீங்கதானே குதிக்கணும். எனக்கு ரெண்டு பேரும் வேணும். கூட்டிட்டுப் போகாதீங்க."

"நான் எப்படி அவன்கிட்ட சொல்றது?"

"எப்படியாவது சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஒளிக்காமல் எழுதுகிறேன்: நான் சொன்னது இதுதான். அவர் எப்படியாவது சொன்னார். மறுநாள் காலை சோதனை எல்லாம் முடிந்து, தம்பி ஆரஞ்சுக் கவசத்தோடு படகு விளிம்பில் கை வைத்தபோது, சரிவில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கேப்டனுக்கு நயமாகப் பேச வராது. வராததை ஒரேயடியாகப் போட்டு உடைத்தார்.

"கழட்டுடா அதை. கரையில நிக்கிறவன் கரையிலயே நில்லு."

யாரோ சிரித்தார்கள். தம்பி கவசத்தைக் கழற்றினான். அதை அங்கேயே, சட்டையை மடிக்கிற மாதிரி மடிக்கப் பார்த்தான். அது மடியவில்லை. மறுபடி முயன்றான். பிறகு அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இஸ்திரி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

அன்றிலிருந்து ஆறு வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆனால் சோதனை நிற்கவில்லை. காலையில் இருவரும் முற்றத்துக்குப் போவார்கள். தம்பி கவ்வியில் ஒரு தட்டு தட்டுவான். கேப்டன் அதைத் தொட்டுவிட்டுத் தலையாட்டுவார். சங்கிலியில் ஒரு தட்டு, விசிறியில் ஒரு தட்டு. தண்ணீர் பீச்சுவதை இருவரும் சாவு வீட்டு முகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாவற்றுக்கும் தட்டு போதும், திருகு ஒன்றைத் தவிர. அது படகு தண்ணீரில் இறங்கிய பிறகு கேட்க வேண்டியது. தம்பி கை அங்கே எட்டாது, குரல்தான் எட்டும்.

அதற்கு நான் கிடைத்தேன். மெஷினைப் பாதியில் விட்டுவிட்டு ஈரக் கையோடு சரிவுக்கு ஓட வேண்டும்.

"திருகு கேளு அக்கா."

"திருகு?" என்று நான் கத்துவேன்.

"திறந்தாச்சுன்னு சொல்லு," என்பார் அவர், ஏதோ அவன் வேறு ஊரில் இருக்கிற மாதிரி. அவன் என் பக்கத்தில், என் முழங்கையை இடித்துக்கொண்டு நிற்பான். துறையில் டீசல் ஊற்றுகிறவர் ஒரு நாள், "என்னம்மா, தந்தி ஆபீஸ் நல்லா ஓடுதா?" என்று கேட்டார். எனக்குக் காது வரை எரிந்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் அன்றைக்கே முடிந்திருக்கும். தினமும் சொல்ல நினைப்பேன். சொன்னால் தம்பி என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்ததும் வாய் அடைத்துப்போகும். அவர்களோ வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம் கேட்டார்கள். கேப்டன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆறு வாரமும் என் பயத்தை அவர் தன் பேரில் சுமந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இருந்தேன்.

ஆறாம் வாரக் கடைசியில் ஒரு நாள், விடிந்ததிலிருந்தே எனக்கு எல்லாம் ஏறுக்கு மாறு. ஒரு மெஷின் கதவில் ரப்பர் கிழிந்து தரை முழுக்கத் தண்ணீர். மத்தியானம் ஒரு கப்பல் புறப்படுகிறது, அதற்குப் பதினோரு மூட்டை. நான் துடைப்பமும் கையுமாக நிற்கும்போது தம்பி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, படகு எறங்குது. திருகு கேக்கணும்."

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவனோடு சரிவுக்குப் போனேன். கேப்டன் படகில் ஏறிவிட்டிருந்தார். மூட்டைகளைத் தார்ப்பாயில் போர்த்திக்கொண்டிருந்தார். இவன் என் முழங்கையை இடித்தான். என்ன வந்ததோ எனக்கு, எள்ளும் கொள்ளுமாக வெடித்தேன்.

"ஏண்டா, உனக்கு வாய் இல்லையா? அவருக்குக் காது இல்லையா? நான் என்ன, ரெண்டு பேருக்கும் நடுவுல கட்டின கயிறா? இனிமே நான் கேக்க மாட்டேன். வேணும்னா நீ கேளு, இல்லன்னா ஊமையாவே இருங்க!"

தம்பி வாயைத் திறந்தான். கேப்டன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோய்த் திரும்பிக்கொண்டார். சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினார், மோட்டாரை ஒரே இழுப்பில் கிளப்பினார், போய்விட்டார். நான் போட்ட சத்தத்தில் அவருக்குத் திருகு மறந்துபோனது. தம்பியும் கேட்க வேண்டிய சமயத்தில் கேட்காமல் விட்டான்.

நான் வீட்டுக்குத் திரும்ப நாலு அடி வைத்திருப்பேன். தம்பி வரவில்லை. அங்கேயே நின்று படகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடா, மூட்டை கெடக்கு."

"மாமா டேங்க் பக்கம் குனியவே இல்லையேக்கா."

"நீ வர்றதுக்கு முன்னாடி தெறந்திருப்பார்."

"இல்ல. உன்னைக் கூப்பிட வந்தப்பவும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இல்ல."

படகு கல்சுவரின் முனையைத் தாண்டியது. வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போன படகின் பின்னால் அந்தக் கோடு சட்டென்று அறுந்தது. சத்தமும் நின்றது. அவ்வளவு தூரத்தில் அவர் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. புள்ளி குனிந்தது, நிமிர்ந்தது, குனிந்தது, நிமிர்ந்தது. கயிற்றை இழுக்கிறார். படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பிற்று. முனைக்கு அந்தப் பக்கம் நீரோட்டம் எப்போதும் சுவரை நோக்கித்தான் இழுக்கும். கல் ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு இருக்கும். படகில் ஒரு ஜோடித் துடுப்பு உண்டு. பதினோரு மூட்டைப் பாரத்தோடு அந்த ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்பு போடுவது ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை.

டீசல்காரர் துறைமுகப் படகைக் கூப்பிட ஓடினார். அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து வந்து சேர இருபது நிமிஷமாவது ஆகும். என் போன் வீட்டில், ஈர மேசை மேல். தம்பி தன் போனை எடுத்தான். அடித்தான். இரண்டு தடவை மணி போனது, கட் ஆனது. மறுபடி அடித்தான். மறுபடி கட் ஆனது.

"கட் பண்றார்."

"இன்னொரு தடவை அடி!"

"என் நம்பரைப் பாத்துக் கட் பண்றார்க்கா. என்கூடப் பேச மாட்டார்." சொல்லிவிட்டுப் போனைக் கீழே இறக்கினான். அவன் முகத்தில் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்தது. நான் அவன் கையைப் பிடித்தேன்.

"நான்தாண்டா சொன்னேன். உன்னைப் படகுல ஏத்தாதீங்கன்னு மொத நாள் சாயங்காலம் நான்தான் சொன்னேன். நான் சொன்னேன்னு சொல்லக் கூடாதுன்னும் சொன்னேன். அவர் மேல தப்பு இல்லடா. கூப்பிடுடா அவரை!"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். போனைத் தூக்கி, ஸ்பீக்கரைப் போட்டு, மூன்றாம் தடவை அடித்தான். இந்தத் தடவை கட் ஆகவில்லை. காற்றுச் சத்தம் கேட்டது, மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"திருகு?" என்றான் தம்பி.

அந்தப் பக்கம், "அடக் கடவுளே" என்று ஒரு குரல். தகரத்தில் ஏதோ உரசியது. டேங்க் உஸ்ஸென்று மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"திறந்தாச்சு."

"ட்யூப்ல இருக்கிற ரப்பர் உருண்டையை அமுக்குங்க மாமா. கெட்டியாகுற வரைக்கும்."

"கெட்டியாயிடுச்சு."

"கியர்?"

"நியூட்ரல்."

"சோக் இழுக்காதீங்க. அப்படியே ஒரே இழுப்பு."

அப்போது மடார் என்று ஒரு சத்தம், கூடவே அவர் அலறல். படகு கல்லில் இடித்துவிட்டது. நான் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி உட்காரவில்லை. போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "இழுங்க மாமா, இழுங்க, இழுங்க" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே நின்றான். மோட்டார் ஒரு தடவை செருமியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. வெள்ளைக் கோடு சுவரை விட்டு விலகி வெளிப்பக்கமாகப் போயிற்று.

கேப்டன் திரும்பி வரவில்லை. கப்பலுக்குப் போனார். பதினோரு மூட்டையையும் கொடுத்துவிட்டு, இரண்டு மூட்டை ஈரம் என்று திட்டும் வாங்கிக்கொண்டு, மத்தியானம்தான் வந்தார். இடது கையில் நாற்பத்தொன்றாம் நம்பர் மூட்டையின் தலையணை உறையைச் சுற்றியிருந்தார். படகைக் கல்லிலிருந்து தள்ளப் போய், நடுவில் கை மாட்டியிருந்தது. இரண்டு விரல் எலும்பு முறிவு என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள்.

"ஏன் போனை ரெண்டு தடவை கட் பண்ணீங்க?" என்று வழியில் கேட்டேன்.

"நான் எங்க கட் பண்ணேன்? விரல் பூரா ஈரம். பச்சையைத் தொட்டா செவப்புல போய் விழுது. வேட்டியில துடைச்சிட்டுத்தான் மூணாவது எடுத்தேன்."

எங்களோடு வந்த தம்பி இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கட்டைத் தொட்டுப் பார்த்து, "கட்டு இறுக்கமா இருக்கா மாமா?" என்றான். "பரவால்ல மாப்ளே," என்றார் அவர். ஆறு வாரத்துச் சண்டை அவ்வளவுதான். ஆண்பிள்ளைகள் சமாதானம் ஆவதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சுவாரசியமும் இருக்காது.

ஆனால் எங்கள் வீட்டை விட்டு அந்த மௌனம் போகவில்லை. எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டது. தம்பி என்னோடு பேசவில்லை. "இருபத்திரெண்டாம் நம்பர்ல ஒரு காலுறை குறையுதுன்னு அக்காகிட்ட சொல்லுங்க மாமா." நான் எதிரே நிற்கிறேன். கேப்டன் கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்து, "காலுறை குறையுதாம்" என்பார். எனக்குக் கோபம் வரவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது? அந்தக் காலுறையை மெஷினுக்கடியில் கையை விட்டுத் தேடும்போது, அங்கேயே படுத்து ஒரு பாட்டம் அழுதேன். ஏழு வருஷமாக ஒரு மாத்திரை தவறாமல் விழுங்கி ஒருத்தன் சேர்த்து வைத்ததை, ஒரு சாயங்காலம் சமையலறை மூலையில் நின்று நான் தட்டிவிட்டிருக்கிறேன். அவன் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் பயத்துக்குத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை.

ஐந்தாம் நாள் கப்பல்களுக்கு மறுபடி மூட்டை போக வேண்டியிருந்தது. கேப்டன் ஒரு கையால் சுக்கானைப் பிடிக்கலாம், கயிற்றை இழுக்க முடியாது. டீசல்காரரின் மருமகன் வருகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். காலையில் முற்றத்தில் சோதனை நடந்தது. கவ்வி, சங்கிலி, விசிறி. பழைய கேள்விக்கு, "போகுது, நல்லாவே போகுது" என்று பதில் வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டே கேட்டேன்.

பிறகு கேப்டன் சொன்னது எனக்கும் கேட்க வேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

"டீசல்காரர் மருமகனை வர வேணாம்னுட்டேன். திருகை நீயே வந்து தெறந்துடு மாப்ளே."

தம்பி டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான், மூடிய திருகை இன்னும் இன்னும். கேப்டன் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இந்தத் தடவை சொல்ல வேண்டியவர் அவர் இல்லை, நான்.

கையிலிருந்த துணியைக் கூடையில் போட்டேன். உள்ளே போய் மேசைக்கு அடியிலிருந்து அந்த ஆரஞ்சுக் கவசத்தை இழுத்தேன். பஞ்சும் தூசியும் ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நீட்டினேன். வாங்கவில்லை, ஆனால் விலகிப் போகவும் இல்லை. நானே போட்டுவிட்டேன். மூன்று வார் இருக்கிறது. மூன்றையும் மாட்டி இழுத்துப் பார்த்தேன். மேல் வார் எனக்குத் திருப்தியாக இல்லை. மறுபடி கழற்றி மறுபடி மாட்டினேன். கேப்டன் இருமினார். யாரைப் பார்த்து இருமினார் என்று தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன்.

சரிவில் படகு இறங்கியது. கேப்டன் ஏறினார். தம்பி விளிம்பில் கை வைத்தவன் சட்டென்று எடுத்துவிட்டு, "மாத்திரை சாப்பிட்டேனான்னு பாத்துட்டு வந்துடறேன் மாமா" என்று வீட்டுக்கு ஓடினான். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்துத்தான் அவன் சாப்பிட்டான். ஆனாலும் போய்ப் பார்க்கட்டும் என்று விட்டேன். கேப்டன் யாருக்காகவும் ஒரு நிமிஷம் காத்திருக்காத மனுஷன். படகின் விளிம்பை நல்ல கையால் தட்டிக்கொண்டு காத்திருந்தார்.

திரும்பி வந்தான். ஏறினான். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு ஏறியவனுக்கு முதலில் கால் ஊன்றவில்லை, மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். சரிவில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவன் தவழ்ந்து போய் டேங்க் பக்கம் குனிந்தான். வீட்டு ஆளாகச் சரிவில் இப்போது நான் ஒருத்திதான் நிற்கிறேன். கேட்க வேண்டியவள் நான். ஆறு வாரம் அவனுக்காகக் கத்திய வார்த்தைதான், அன்றைக்கு என் சொந்தக் குரலில் வர மறுத்தது.

"திருகு?"

அவன் நிமிரவில்லை. விரல் மூடி மேல் இருந்தது. திருப்பினான், இன்னும் ஒரு சுற்று திருப்பினான். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"திறந்தாச்சு அக்கா."

மோட்டாரை அவன்தான் இழுத்தான். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. படகு கல்சுவர் முனையைத் தாண்டும்வரை நின்றேன். தாண்டிய பிறகும் வெள்ளைக் கோடு அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மெஷின் தன் பாட்டுக்கு ஓடி முடித்து நின்றிருக்கும், துணி உள்ளேயே கசங்கும். வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தேன். மறுபடி திரும்பி வந்து பார்த்தேன்.